கூரை மேல நின்னவரும் லாரியில வந்த படகும்

பிரசங்கத்துல அடிக்கடி கேட்ட கதைதான். வெள்ளத்துல ஒருத்தர் கூரை மேல நின்னு ஜெபம் பண்றார். படகு வருது. "கர்த்தர் காப்பாத்துவார், நீங்க போங்க"ன்னு அனுப்பிடறார். ஹெலிகாப்டருக்கும் அதே பதில். கடைசியில மேல போய் கடவுள்கிட்ட சண்டை போட்டா, "அதையெல்லாம் அனுப்பினது யாருய்யா?"ன்னு கேக்கறார். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவோம் :-)

2018 ஆகஸ்ட்ல கேரளாவுல இந்தக் கதை நிஜமாவே நடந்தது. செங்கன்னூர், ஆலுவா பக்கமெல்லாம் மூழ்கினப்போ, கடற்கரை மீனவர்கள் தங்களோட படகுகளை லாரியில ஏத்திட்டு வந்தாங்க. 669 படகு, 4,537 பேர், காப்பாத்தினது சுமார் 65,000 பேர்னு கணக்கு சொன்னாங்க. கடல்ல ஓட்டற படகு அது. தெருவுல தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கிற மதில், கேட், கம்பின்னு எல்லாத்துலயும் மோதும். அடிபட்டா அவங்க பொழைப்பே போச்சு. இருந்தும் வந்தாங்க.

திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரையிலேர்ந்து வந்தவங்கள்ல நிறைய பேர் லத்தீன் கத்தோலிக்கர்கள். அதுக்கு ஒன்பது மாசம்கூட ஆகல, 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அவங்க ஆளுங்களையே கடல்ல கொண்டுபோயிருந்தது. 'எங்களைத் தேட சீக்கிரம் யாரும் வரலியே'ன்னு அழுத அதே ஊருங்கதான் அடுத்தவங்களைத் தேடிப் போச்சு. மீன் வாடைன்னு மூக்கைப் பொத்தின ஆளுங்க இருந்தா அவங்களையும் சேர்த்துதான் தூக்கிப் படகுல ஏத்தினாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த வெள்ளம் வடிஞ்சப்புறம் எங்க சபையில ஒருத்தர் சாட்சி சொன்னார். செங்கன்னூர்ல மாட்டிக்கிட்ட அவங்க மாமா குடும்பத்தை "கர்த்தர் அற்புதமா தப்புவிச்சார்". எல்லாரும் அல்லேலூயா சொன்னோம். எப்படித் தப்பிச்சாங்கன்னு வெளியில வந்து கேட்டேன். "யாரோ மீன்காரங்க படகுல வந்தாங்களாம்"னார். அந்த "யாரோ" சாட்சியில வரவே இல்ல!

எனக்கு அது உறுத்துச்சு. கர்த்தர் தப்புவிச்சார்ங்கறதை நானும் நம்பறேன். ஆனா அவர் யார் கையால செஞ்சார்ங்கறதை விட்டுட்டா பாதி சாட்சிதானே? வானத்துலேர்ந்து கை நீளணும்னு எதிர்பாக்கறோம். அந்தக் கை கருத்து, காய்ச்சுப்போய், கயிறு இழுத்துட்டு வந்தா அடையாளம் தெரியமாட்டேங்குது.

"இந்துக்களும் முஸ்லிம்களும்தானே படகு எடுத்துட்டுப் போனாங்க?"ன்னு கேப்பீங்க. நிச்சயமா. கடவுளுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் பாத்துதான் ஆள் எடுக்கணும்னு நான் சொல்லல. நான் கேக்கறது எங்களைத்தான். அந்த வாரம் எங்க குழுவுல மூணு ராத்திரி கேரளாவுக்காக ஜெபம் பண்ணோம். கிளம்பிப் போலாமான்னு ஒருத்தரும் கேக்கல. நானும்தான். ஆபீஸ்ல ஒருநாள் லீவு போடக்கூடத் தோணல. பசியா இருக்கறவனுக்கு வாய்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பறதைப் பத்தி யாக்கோபு தன் நிருபத்துல காரமாவே எழுதியிருக்கார். ஜெபம் வேண்டாம்னு சொல்லவரல. ஜெபத்துக்குப் பதில் வரும்போது அது நம்ம வீட்டுக் கதவைத் தட்டி, "வண்டிச்சாவி இருக்கா?"ன்னு கேக்கலாம். அப்ப என்ன சொல்லப்போறோம்?