பால் கொடுத்தால் மட்டும் போதுமா?

தாய்ப்பாலின் அருமையை நம் டாக்டர்கள் வாய் ஓயாமல் சொல்கிறார்கள் அல்லவா? இதையே 250 வருஷத்துக்கும் முன்னால் ஓர் ஆண்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவர்தான் தத்துவ ஞானி ரூஸோ. 1712-இல் ஜெனீவாவில் பிறந்தவர். பிறந்த சில நாளிலேயே தாயைப் பறிகொடுத்தவர்.

அந்தக் காலத்து பிரான்ஸில் வசதியுள்ள வீடுகளில் குழந்தை பிறந்ததும் கிராமத்துச் செவிலித்தாயிடம் அனுப்பிவிடுவார்களாம். கைகால் அசையாதபடி துணியால் இறுக்கிச் சுற்றி வைப்பார்களாம். 1762-இல் வெளிவந்த 'எமீல்' என்ற புத்தகத்தில் ரூஸோ இதைக் கண்டித்தார். பெற்றவளே பால் கொடுக்கட்டும், குழந்தை கைகாலை உதைத்து விளையாடட்டும் என்றார். 'அட, நம்ம கட்சி!' என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசிப் பகுதிக்கு வந்தேனோ இல்லையோ, சந்தோஷம் போச்சு. எமீலுக்கு மனைவியாகப் போகும் ஸோஃபி ஆணுக்குப் பிடித்தமாதிரி நடக்கணும், அவனுக்கு உபயோகமாக இருக்கணும், அவன் தப்பையும் பொறுத்துக்கணும். அவளுக்குப் படிப்பே அதுதானாம்! பையனுக்குச் சுயமாக யோசிக்கச் சொல்லித் தந்தவர், பெண்ணை மட்டும் ஊர் வாய்க்குப் பயப்படச் சொல்கிறார்.

இன்னும் கேளுங்கள். அவரோடு வாழ்ந்த தெரெஸ் என்ற ஏழைப் பெண் ஐந்து குழந்தைகள் பெற்றாள். ஐந்தையும் பாரிஸ் அனாதை விடுதியில் விட்டதாக ரூஸோவே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவளுக்குச் சம்மதமில்லை; பேசிப் பேசி இணங்க வைத்தார்கள். பால் கட்டிக்கொண்டு அவள் எப்படித் தவித்திருப்பாள்! பிற்பாடு அவர் வருந்தினார் என்பதும் உண்மைதான்.

இவருக்குச் சரியான பதில் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். பள்ளிக்கூடம் நடத்தியவர். 1792-இல் பெண்ணுரிமை பற்றிப் புத்தகம் எழுதினார். ரூஸோவை அவர் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. தாயே பாலூட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் பிள்ளையை வளர்க்கிறவளுக்கு யோசிக்கத் தெரிய வேண்டாமா, ஆணும் பெண்ணும் சேர்ந்தே படிக்கட்டுமே என்று வாதாடினார். ரூஸோ பேசிய சுதந்திரத்தை ரூஸோவிடமே திருப்பிக் கேட்டார்!

1797-இல் இரண்டாவது பெண் பிறந்த சில நாளில், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் மேரி இறந்தார். வயது 38தான். ரூஸோவின் தாயைப் போலவே இவரும் பச்சைக் குழந்தையை விட்டுப் போனார்.

என் பெண்ணைப் புக்ககம் அனுப்பும்போது, 'அவருக்குப் பிடிச்சமாதிரி நடந்துக்கோடி' என்று நானும்தான் சொல்லி அனுப்பினேன். ரூஸோ ஸோஃபிக்குச் சொன்னதும் அதைத்தானே! இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். 'பால் கொடுடி கண்ணு' என்பதோடு நிற்காமல், 'பாதியில் விட்ட படிப்பையும் முடிச்சுடு, குழந்தையை நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லிவிட்டேன்.

பதர் இருக்கிறது என்று அரிசியையும் சேர்த்தா கொட்டுகிறோம்? பெரியவர்கள் சொன்னதையும் முறத்தில் போட்டுப் புடைத்துத்தான் எடுக்கணும். என்ன, நான் சொல்வது சரிதானே?