உதிரிபாகமும் துப்பாக்கியே!

துப்பாக்கி எந்தக் கட்டத்தில் துப்பாக்கியாகிறது? குழலும் விசையும் பொருத்தப்படாத வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதா, எல்லாம் பொருத்தப்பட்டுத் தோட்டா நிரப்பப்பட்ட பிறகா? வேடிக்கையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டிய நிலை, 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே ஏற்பட்டது.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சுடும் இயக்கத்துக்கான பாகங்களைத் தாங்கி நிற்கும் "ரிசீவர்" என்கிற நடுப்பகுதி, தனித்து இருந்தாலும் துப்பாக்கியாகவே கருதப்படுகிறது. குழலுக்கும் விசைக்கும் அந்த மத்திய சட்டத்தில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் துப்பாக்கி செய்துகொள்வதையும் அது பொதுவாகத் தடுப்பதில்லை.

இந்த ஓட்டையை வணிகர்கள் பயன்படுத்திக்கொண்டனர். ரிசீவரை முற்றுப்பெறாத நிலையில் மற்ற பாகங்களுடன் பெட்டியில் அடைத்து விற்றனர். வரிசை எண் கிடையாது. வாங்குபவர் யார் என்கிற விசாரணையும் கிடையாது. மூலத்தைக் கண்டறியக் கோரி அந்நாட்டுக் காவல்துறையினர் மத்திய அரசுக்கு அனுப்பிய இத்தகைய "பேய்த் துப்பாக்கிகள்" 2017-இல் சுமார் 1,600. அதுவே 2021-இல் 19,000-ஐத் தாண்டியது. இதைக் கட்டுப்படுத்த 2022-இல் கொண்டுவரப்பட்ட விதி, சட்டத்துக்கு முரணானதல்ல என்று 7-க்கு 2 என்கிற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் நமது சட்டம் மிகவும் தெளிவானது என்பதில் நாம் ஆறுதல் அடையலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, துப்பாக்கியின் உதிரிபாகங்களை மட்டுமல்ல, துப்பாக்கி தயாரிக்கும் இயந்திரங்களையும் "துப்பாக்கி" என்கிற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. உரிமம் இல்லாமல் தயாரிப்பதை ஐந்தாவது பிரிவு தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டுச் சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்துவது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

சட்டம் கடுமையாக இருந்து என்ன பயன்? உதிரிபாகத்தைத் துப்பாக்கியாகக் கருதும் சட்டத்தை இயற்றிய அரசு, தனது சொந்தக் கிடங்குகளில் அதைப் பழைய இரும்பாக அல்லவா கருதி வந்திருக்கிறது!

மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து பாகங்கள் கடத்தப்பட்டதாக 2017-இல் அதன் ஊழியர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. பிகார் மாநிலம் முங்கேரில் இருபதுக்கும் மேற்பட்ட ஏ.கே. 47 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் சில கிணற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன. ஜபல்பூரில் உள்ள ராணுவத் தளவாடக் கிடங்கில் கழித்துக்கட்டப்பட்ட துப்பாக்கிகளின் பாகங்கள் வெளியே கொண்டுவரப்பட்டு, அங்கு பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரால் மீண்டும் பொருத்தப்பட்டு விற்கப்பட்டன என்பதுதான் வழக்கு. விசாரணை தேசியப் புலனாய்வு முகமையிடம் ஒப்படைக்கப்பட்டது.

முழுத் துப்பாக்கி ஒன்று காணாமல் போனால் கிடங்கே அல்லோலகல்லோலப்படும். ஒரு குழலோ, ஒரு விசையோ காணாமல் போனால் கணக்கேட்டில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். அப்படிக் குறைந்த வரிகள் ஒன்றுசேர்ந்தால் அதுவே முழுத் துப்பாக்கியாகிவிடுகிறது.

முங்கேருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் தனது தலைநகரை அங்கு மாற்றி, ஆயுதத் தொழிற்சாலை நிறுவிய காலத்திலிருந்தே அது துப்பாக்கிக் கைவினைஞர்களின் ஊர். உரிமம் பெற்ற பட்டறைகளில் வேலை குறையக் குறைய, கைத்திறன் மட்டுமே மூலதனமாகக் கொண்ட தொழிலாளர்கள் கள்ளச் சந்தைக்கு இரையாகிறார்கள். மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் பிடிபடும் ரகசியப் பட்டறைகளில், பாதி முடிந்த கைத்துப்பாக்கிகளுடன் முங்கேர் தொழிலாளர்களும் பிடிபடுவது வாடிக்கையாகிவிட்டது. அவர்களைச் சிறையில் அடைப்பதால் மட்டும் பட்டறைகள் மூடப்படப் போவதில்லை. முதலீடு செய்பவர்களும் வாங்குபவர்களும் சட்டத்தின் பிடியில் சிக்குவதில்லை என்பதே உண்மையான கவலை.

உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தடுக்க, மாநிலங்கள் தோறும் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் குழுக்கள் வழக்கமான அறிக்கைகளோடு நின்றுவிடலாகாது. கழிக்கப்படும் துப்பாக்கியின் முக்கிய பாகங்கள் ஒவ்வொன்றும் எண்ணப்பட்டு, பொறுப்பான அதிகாரிகளின் முன்னிலையில் மீண்டும் பயன்படாதவாறு அழிக்கப்பட வேண்டும். கிடங்குகளின் கணக்கை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். ரகசியப் பட்டறை பிடிபடும்போது, உருக்குக் குழலும் கடைசல் இயந்திரமும் எங்கிருந்து வந்தன என்பது வரை விசாரணை நீள வேண்டும். முங்கேரின் கைத்திறனுக்குச் சட்டபூர்வமான பிழைப்பு கிடைக்கவும் வழி செய்தாக வேண்டும்.

அமெரிக்கா இன்று ரிசீவருக்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறது. நமது நாடாளுமன்றம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே விளக்கம் அளித்துவிட்டது. ஏட்டில் இருக்கும் அந்த விளக்கம் கிடங்கின் கணக்குப் புத்தகத்துக்கும் வந்து சேர வேண்டும். சட்டம் துப்பாக்கி என்று சொல்வதை அரசு இரும்பு என்று எண்ணினால், குற்றவாளி அதைத் துப்பாக்கியாக்கிக் காட்டுவான்!