அரைப் பேர்

கூலியை உயர்த்தினால் வேலை அற்றுப்போம் என்பார் ஒரு சாரார். உயர்த்தாவிடின் வேலைக்கு ஆளே கிடையாது என்பார் மற்றொரு சாரார். கொள்ளுப்பிட்டி வீடுகளில் மாலைத் தேநீர் அருந்துகையில் இவ்வாதம் எழுவதுண்டு. அத்தேயிலையைப் பறித்தோர் கணக்கைச் சற்றே நோக்குவோம்.

2018 ஒக்டோபரில், நமக்கு அண்மையிலுள்ள காலிமுகத்திடலில், மலையக இளைஞர் கறுப்புடை தரித்துத் திரண்டு, நாளொன்றுக்கு 1000 ரூபா அடிப்படைச் சம்பளம் கோரினர். 2019 இன் கூட்டொப்பந்தம் தந்தது 700. பின்னர் 2021 மார்ச்சில், சம்பளச் சபையின் தீர்மானப்படி 1000 ரூபா வர்த்தமானியில் வெளியாயிற்று. உடனே தொழிலாளர் கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டனரோவெனில், இல்லை. கம்பனிகள் கூட்டொப்பந்தத்தினின்று விலகின. வேலை நாட்கள் குறைந்தன என்றும், பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது என்றும் பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. குறித்த நிறை சேராவிடின் அரைப் பேர். அதாவது பாதி நாட்கூலி. 700 ரூபா வீதம் 25 நாள் உழைத்தால் 17,500. 1000 ரூபா வீதம் 15 நாளே கிடைப்பின் 15,000. வேலை போகவில்லை, நறுக்கப்பட்டது.

தோட்டத் துரைமாருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1992 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆகியபோது, துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லையென டேவிட் கார்ட், அலன் குரூகர் என்னும் பொருளியலறிஞர் இருவர் கண்டனர். கடைக்காரர் உணவின் விலையைச் சிறிது ஏற்றிக்கொள்ளலாம். தேயிலை விலையையோ கொழும்பு ஏலமே தீர்மானிக்கின்றது. கூலி ஏறிற்றென்று அயல்நாட்டார் ஒரு சதமும் கூட்டித் தரார்.

2024 செப்டெம்பரில் கூலி 1350 ஆயிற்று. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் அதனை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசே 200 ரூபா சேர்த்துத் தருமென்றது. நல்லதே, ஆயினும் வேலையில்லா நாளுக்கு அந்த 200 உம் இல்லையன்றோ?

தோட்டத்தில் பேர் குறையவே, பெண்கள் சிலர் கொழும்பிலே வீட்டு வேலைக்கு வருகின்றனர். 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் மாதம் 10,000 ரூபாவெனக் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்தபோது, வீட்டு வேலையாட்களை விலக்கியே வகுத்தது. இங்கே அரைப் பேர் என்பது இல்லை. நாள் எப்போது முடிகின்றதென்ற கணக்கும் இல்லை. சம்பளச் சபையிலேனும் தொழிற்சங்கத்துக்கு ஆசனமுண்டு. நம் அடுக்களையில் பாத்திரம் துலக்குபவளின் மாதச் சம்பளத்தை, நாமும் அயல்வீட்டம்மாவும் மதிலோரம் நின்று பேசி முடிவு செய்துவிடுகின்றோம்.