எடைக்குப் போகும் எழுத்து

சென்ற மாதம் திண்டுக்கல்லில் நாகல்நகர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் நாம் கண்டதைத் தோழர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓட்டைக் குடம், உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த சைக்கிள் சட்டம் ஆகியவற்றுக்கு நடுவே இரண்டு கைப்பெட்டிகள் கிடந்தன. திறந்து பார்த்தோம். இரண்டும் டைப்ரைட்டர்கள். மேசையை விட்டு நகராத பெரிய பொறிகள் அல்ல. கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறக்கூடிய சிறிய ரகம். ஒன்றில் ஆங்கில எழுத்து, மற்றதில் தமிழ்.

விலை கேட்டோம். ஆங்கிலப் பொறிக்கு நாலாயிரம் என்றார் கடைக்காரர். சென்னையிலிருந்து யாரோ ஒருவர் போனில் கேட்டிருக்கிறாராம், படமும் அனுப்பியாகிவிட்டதாம். சரி, தமிழ்ப் பொறி?

"அது எடைக்குத்தாண்ணே. தமிழ் எழுத்துல்ல இருக்கு, அத யாரு வாங்குவா?"

தராசில் வைத்தார். ஐந்தரைக் கிலோ. கையில் இருந்த இருநூறு ரூபாயை நீட்டினோம்; மீதிச் சில்லறையும் கிடைத்தது. அந்தக் கடைக்காரர்மீது நமக்குக் கோபமில்லை. சந்தை சொன்னதை அவர் சொன்னார். சந்தைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதுதான் நம்முடைய கேள்வி.

பழைய டைப்ரைட்டர் சேர்ப்பது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு, தொழிலாளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மேல்நாடுகளில் இது பெரிய மோகம் என்பது உண்மை. ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் இந்தப் பொறிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தவர். அண்மை ஆண்டுகளில் அவற்றைப் பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தும் வருகிறார். இத்தாலியில் 1950இல் வந்த ஒலிவெட்டி லெட்டரா 22, சுவிட்சர்லாந்தில் 1935இல் வந்த ஹெர்மீஸ் பேபி என்றெல்லாம் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். அந்த மோகம் நம் ஊர்ப் பட்டணங்களுக்கும் வந்துவிட்டது. வரட்டும். குப்பைக்குப் போகவேண்டிய நல்ல பொருளை ஒருவர் துடைத்து வைத்தால் அதில் நமக்கென்ன வருத்தம்?

வருத்தம் வேறிடத்தில். அவர்கள் பார்ப்பது பொறியின் முகப்பில் பொறித்த கம்பெனிப் பெயரை, பூச்சின் நிறத்தை, பெட்டியின் அழகை. எந்த மொழி அதில் அடிக்கப்பட்டது, யார் விரல் அதில் தேய்ந்தது என்பது விலையில் சேருவதே இல்லை. ஆகவேதான் ஆங்கிலம் நாலாயிரத்துக்கும் தமிழ் தராசுக்கும் போகிறது.

அந்தத் தமிழ்ப் பொறி பிறந்த கதை தெரிந்தால் அதைத் தராசில் வைக்கக் கை கூசும். 1886இல் யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்தவர் முத்தையா. பிழைப்புத் தேடி மலாயா போனவர்; சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நாள் முழுதும் ஆங்கிலப் பொறியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்குத் தோன்றியது ஒரே கேள்வி: இது ஏன் தமிழ் பேசக்கூடாது?

கேள்வி எளிது, விடை எளிதல்ல. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. தமிழுக்கு 247. பொறியில் உள்ள விசைகளோ நாற்பத்துச் சில்லறை. ஒவ்வொரு விசையிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு எழுத்து வைத்தாலும் தொண்ணூறைத் தாண்டுவதே பாடு. 247 பேரைத் தொண்ணூறு நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? முத்தையா செய்தது இது: 'நகரா விசை' என்று ஒன்றைப் பயன்படுத்தினார். சாதாரண விசையைத் தட்டினால் தாள் சுற்றிய உருளை ஓரிடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் நகராது. புள்ளியோ விசிறியோ விழுந்த அதே இடத்தில் அடுத்த தட்டில் மெய்யெழுத்து வந்து உட்காரும். இரண்டு தட்டு, ஓர் எழுத்து. இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராத எழுத்துகளுக்கு மட்டும் தனி விசை. 'டி' என்ற எழுத்துக்குத் தனியிடம் இருப்பதை டைப் படித்தவர்கள் அறிவார்கள். ட-வின் தலையில் விசிறி சரியாகப் பொருந்தாது என்பதே காரணம்.

முதல் மகாயுத்தம் முடிந்த பிறகு இந்த அமைப்பை அவர் ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். டிரெஸ்டன் நகரத்தில் சைடல் அண்டு நௌமன் என்ற ஆலை. தையல் இயந்திரமும் சைக்கிளும் செய்து பெயர் வாங்கிய ஆலை அது. 1910இலிருந்து எரிகா என்ற கையடக்கப் பொறியையும் செய்துவந்தது. அதே பொறி வெளிநாடுகளுக்கு 'பிஜூ' என்ற பெயரில் போயிற்று. பெரிய பொறியோடு நில்லாமல் கையில் தூக்கும் பிஜூவுக்கும் தமிழ் எழுத்து ஏற்றிக்கொண்டார் முத்தையா. யாழ்ப்பாணத்து மூளை, சிங்கப்பூர்ச் சம்பளம், ஜெர்மன் தொழிலாளியின் கை. மூன்றும் சேர்ந்து உருவானதுதான் தமிழனின் கையடக்கப் பொறி.

இதிலே இன்னொன்றும் உண்டு. 1935இல் பெரியார் 'குடிஅரசு' ஏட்டில் ணா, றா, னா, லை போன்ற எழுத்துகளைச் சீர்திருத்தி அச்சிட்டபோது, தமிழின் அழகு போயிற்று என்று அழுதவர்கள் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்திருந்தால் அழுகை நின்றிருக்கும். துதிக்கைபோல் வளைந்த ஒவ்வொரு எழுத்துக்கும் தனி விசை வேண்டும். காலும் ஐகாரக் கொம்பும் எல்லா எழுத்துக்கும் பொதுவாக இருந்தால் ஒரே விசை போதும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கை அரசு ஒப்புக்கொண்டு ஆணையிட 1978 வரை ஆயிற்று என்பது வேறு விஷயம்.

நிற்க. திண்டுக்கல்லுக்கு வருவோம்.

சென்னையிலே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. சட்டம் வந்தால் போதுமா? தமிழில் ஆணை அடிக்கத் தமிழ்ப் பொறி வேண்டாமா, அடிக்க ஆள் வேண்டாமா? அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? கடைத்தெரு மாடிகளில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளிலிருந்து வந்தார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவரின் மகளும், சுருட்டுச் சுற்றியவரின் மகனும், சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் அந்த மரப்படி ஏறினார்கள். காலை ஆறு மணி வகுப்பு. தமிழ் லோயர், பிறகு ஹையர். தேர்வு நாளன்று பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் பொறியைத் தகப்பன் தோளில் வைத்துத் தேர்வுக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். சர்க்கார் வேலை என்ற கதவுக்குத் திண்டுக்கல் தொழிலாளி வீட்டில் இருந்த சாவி அதுதான்.

சிறிய பொறிக்கு வேறு வேலை. கோர்ட்டு வாசலிலும் தாலுகா கச்சேரி மரத்தடியிலும் மனு அடித்துக் கொடுப்பவரின் பொறி அது. நத்தத்திலோ வேடசந்தூரிலோ காலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். மாலைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திரும்புவார். பட்டா மாறுதல், பாகப் பிரிவினை, கூலி பாக்கி, போலீஸ் புகார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் வழக்கு அந்தப் பொறி வழியாகத்தான் கலெக்டர் மேசைக்குப் போயிற்று. ஒரு தாளுக்கு இத்தனை என்று காசு வாங்கினார், வாங்காமல் இருப்பாரா? ஆனாலும் கிழவி சொன்னதைவிட அவர் அடித்தது நன்றாக இருந்தது.

சங்கத்துக்கும் அது தேவைப்பட்டது. இளைய தோழர்களுக்கு ஸ்டென்சில் என்றால் தெரியாது, சொல்லிவிடுகிறோம். மெழுகு பூசிய மெல்லிய தாளைப் பொறியில் ஏற்றி, ரிப்பன் மேலெழாதபடி செய்து, வெறும் எழுத்தாலேயே தட்டவேண்டும். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு வெட்டுப்படும். அந்தத் தாளை சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் நூற்றுக்கணக்கில் நோட்டீஸ் வரும். ஓங்கித் தட்டினால் 'ம'வும் 'ய'வும் ஓட்டையாகும். மெல்லத் தட்டினால் எழுத்தே தெரியாது. பக்குவம் தெரிந்தவர் கை வேண்டும். 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டபோது நாட்டில் எத்தனையோ செய்திகள் இப்படித்தான் கைமாறின. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு கைரேகை உண்டு: ஓர் எழுத்து சற்றே இறங்கும், ஒன்று சாயும். அதை வைத்தே எந்தப் பொறி என்று துப்பறிந்துவிடலாம். அதனால் அந்த நாட்களில் இரவோடிரவாகப் பொறியை வீடு மாற்றிக்கொண்டே இருந்ததாக நம் முதிய தோழர் ஒருவர் சொல்வார். கைப்பெட்டிப் பொறியின் அருமை அப்போதுதான் புரிந்ததாம்! ருமேனியாவில் 1983இல் டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் போலீசில் பதிவு செய்யவேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். துப்பாக்கியை அளந்த கோலால் டைப்ரைட்டரையும் அளந்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு நம்முடைய குற்றத்தை மறைப்பது நியாயமல்ல. நம் சங்க அலுவலகத்திலும் ஒரு தமிழ்ப் பொறி இருந்தது. கம்ப்யூட்டர் வந்த புதிதில், இடத்தை அடைக்கிறது என்று சொல்லி, முறையாகக் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, அதை எடைக்குப் போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் நம் கையெழுத்தும் இருக்கிறது. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. கிடைத்த பணத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னினோம் என்று நினைவு. இரும்புக் கடைக்காரரை நாம் குறை சொல்லாததன் காரணம் இப்போது விளங்கும்.

கோத்ரேஜ் கம்பெனி இந்தியாவின் முதல் டைப்ரைட்டரை 1955இல் செய்தது. 2009இல் உற்பத்தியை நிறுத்தியது. சென்னை கிண்டியில் ஹால்டா பொறி செய்த ஆலையும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்குத்தான் அந்தப் பெயர் நின்றுவிட்டது. இனிப் புதிய தமிழ்ப் பொறி வராது. இருப்பதில் உடைந்தது போக மிச்சம் எத்தனையோ அத்தனைதான்.

நாம் வாங்கிவந்த பொறி ஓடவில்லை. விசை தட்டினால் எழுத்து விழுந்தது, உருளைதான் நகரவில்லை. ஊரில் டைப்ரைட்டர் மெக்கானிக்கைத் தேடினோம். ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் மகனோடு கோவை போய்விட்டார். கடைசியில் பூட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், தோழர்கள் அறிவார்கள். பட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூலி உயர்ந்ததா என்பது தனியாகப் பேசவேண்டியது. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார்.

"பூட்டுல நாலு லீவரு இருக்கும், இதுல நாப்பது. அம்புட்டுத்தான் தம்பி."

உருளையை இழுக்கும் நாடா அறுந்திருந்தது. அந்த இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டினார். ஒரு கம்பிச் சுருளின் கொக்கி ஒடிந்திருந்தது. அரம் வைத்து வேறொன்று செய்தார். எழுத்துக் கம்பிகள் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் யாரோ முன்பு ஊற்றிய எண்ணெய். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். அந்தப் பள்ளங்களில் எண்ணெய் விடவே கூடாது. பெட்ரோல் தொட்ட பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிட்டோம், பீடி பற்றவைக்கும் தோழர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி! அரை அங்குல ரிப்பன் இன்னமும் கடையில் கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பொறி தமிழ் அடித்தது. முதலில் அடித்துப் பார்த்தவர் அந்தப் பெரியவரேதான். ஒற்றை விரலால் தம் பேரனின் பெயரை அடித்தார்.

ஆக, பொறி செத்துப்போனதல்ல. நாலு முழ நரம்புக்கு வழியில்லாமல் நாற்பது ஆண்டு உழைத்த கருவி எடைக்குப் போகிறது. சேர்க்கும் மோகக்காரர்களிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு: அவர்கள் தேடிப் போகிறார்கள். நாமும் தேடுவோம். ஆனால் அலமாரியில் வைக்க அல்ல. பொறியோடு அதை அடித்தவரின் பெயரையும், எந்த ஊர் மரத்தடியில் உட்கார்ந்தார், என்ன மனு அடித்தார் என்பதையும் ஒரு தாளில் அதே பொறியால் அடித்துப் பெட்டிக்குள் வைப்போம். தமிழ்ப் பொறி என்றால் எழுத்து முளைகளைப் பெயர்த்து ஆங்கிலம் ஒட்டவைக்கும் வேலைக்கு யாரும் துணைபோக வேண்டாம். அப்படிச் செய்தால் கூடுதல் விலை வரும் என்று ஒரு தரகர் நம்மிடமே சொன்னார்.

ஓடாத பொறி கையில் இருக்கிறவர்கள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். பூட்டுப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கூலி வேண்டாம் என்றார், நாம்தான் கொடுப்போம் என்று பிடிவாதமாக இருக்கிறோம். நத்தம் பக்கம் ஒரு மனு எழுத்தர் வீட்டுப் பரணில் இன்னொரு கைப்பெட்டி இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்களாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம்.