ஊகம் யாருக்குத் துணை?

வேலை முடிந்து வீடு திரும்பிய மனிதன் வழியில் மறைந்தான் என்றால் ஊரார் முதலிற் செய்வது ஊகிப்பதே. எந்த பஸ்ஸில் ஏறினான், எச்சந்தியில் இறங்கினான், எவருடன் பகை, எவளுடன் உறவு என்று தேநீர்க் கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் நாம் கதை புனைகிறோம். நாளடைவில் அக்கதையே அவனது வரலாறாகிவிடுகிறது. இதனைக் குற்றமற்ற பொழுதுபோக்கென நாம் ஏற்பதற்கில்லை.

2010 ஜனவரி 24. சனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாட்கள். பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட, இராஜகிரியவிலிருந்த அலுவலகத்தைவிட்டு வீடு நோக்கிப் புறப்பட்டார். வீடு வந்து சேரவில்லை. இவ்விரண்டு இடங்களுக்கும் இடையில் நடந்ததென்ன என்பதே அரசு கண்டறிய வேண்டியிருந்தது.

அரசோ ஊகித்தது. 2011 நவம்பரில் ஜெனீவாவில், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன் அரசின் சார்பிற் பேசிய முன்னாள் சட்டமா அதிபர், அவர் வெளிநாடொன்றில் தஞ்சம் புகுந்திருப்பதாகத் தகவல் உண்டென்றார். அடுத்த ஆண்டு ஹோமாகம நீதவான் நீதிமன்றில் வினவப்பட்டபோது, அவர் இருக்குமிடத்தைக் கடவுளே அறிவார் என்ற பொருள்பட விடையளித்தார்! தேநீர்க் கடைப் பேச்சு சபையேறியதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

ஆனால் பிரகீத்தின் மனைவி சந்தியா எந்தக் கதைக்கும் மயங்கவில்லை. ஆட்கொணர்வு மனுவோடு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். 2019 இல் இராணுவப் புலனாய்வினர் ஒன்பது பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. அவர்கள் குற்றவாளிகளா என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. ஆயினும், கடவுளுக்கு மட்டுமே தெரிந்ததெனச் சொல்லப்பட்ட வழியில், மனிதர் விசாரித்தால் தடம் தென்படும் என்பது வெளியாயிற்று.

நமது மொழியிலும் ஊகம் ஒளிந்திருக்கிறது. 'காணாமற்போனார்' என்றால் போனவர் அவரே. பிறர் எவருக்கும் பொறுப்பில்லை. 'காணாமலாக்கப்பட்டார்' என்றதும், ஆக்கியவர் யார் என்ற வினா எழுகிறது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 'காணாமற்போன ஆட்கள்' பற்றிய அலுவலகத்தையே அமைத்தது. 2017 இல் கிளிநொச்சியில் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் அமர்ந்த தாய்மாரோ இரண்டாவது சொல்லையே வற்புறுத்தினர். சிங்கள மனைவியும் தமிழ்த் தாயும் கேட்டது ஒரே வினாவன்றோ?

செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒரு வினைமுதல் உண்டென வகுப்பறையிற் கற்பிக்கும் நாம், வீதியிலும் அதனை மறவாதிருப்போம். மறைந்தவர் எங்கே போயிருப்பார் என்று இனி ஊகியோம். மறைத்தவர் யாரென்று கேட்போம்!