வறண்ட குழாயும் வாய்திறவாக் காவலும்

மழை குறைந்த நாட்டினர் தண்ணீருக்கு அலமருதல் இயல்பு. ஆனால் ஆண்டு முழுவதும் மேகம் சூழ்ந்து நிற்கும் அயர்லாந்து தேசத்திலே, குழாய்த் தண்ணீரை நம்பவியலவில்லை என்று மக்கள் முறையிடுவாராயின், கேட்போர் முதற்கண் வியப்பெய்துவர். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 750 முதல் 1,000 மில்லிமீட்டர் வரையிலும், மேற்குப் பகுதியில் அதனினும் மிகுதியாகவும் மழை பொழிகின்றது. ஏரிகளும் ஆறுகளும் ஊற்றுக்களும் அங்கே மலிந்துள்ளன. ஆதலின் குறை வானத்தினதன்று. வானம் தந்ததை வாங்கித் தூய்மை செய்து வீடுதோறும் கொணர்ந்து சேர்க்கும் மனிதருடையதே. அக்குறை யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நகரத்தின் நீர்வழங்கல் இருவகையால் நம்பத்தகாததாகும். ஒன்று, குழாய் வறண்டுபோதல். மற்றொன்று, குழாயிலே தீங்குடைய நீர் வருதல். முதல் வகைக்குரிய காரணங்கள் அந்நாட்டிற் பல. நிலத்தடியிற் புதைத்த பழங்குழாய்கள் விரிசலுற்றுக் கசிகின்றன. 2018-ஆம் ஆண்டிலே சுத்திகரித்த நீரில் ஏறத்தாழப் பாதி, எவர்க்கும் பயன்படாது மண்ணிற் கசிந்தொழிந்தது. பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டுப் பழுதுபார்த்தும், 2023-ஆம் ஆண்டிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீணாயிற்று. 2025 ஜனவரி 24-ஆம் நாள் வீசிய ஏயோவின் என்னும் புயலில் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் நிலையங்களும் மின்சாரம் இழந்தன. மின்சாரம் அறவே, நீரேற்றும் பம்புகளும் ஓய்ந்தன. இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தண்ணீரின்றித் தவித்தனர். இவையெல்லாம் பெருந்துன்பங்களே. ஆயினும் வறண்ட குழாய்க்கு ஒரு நேர்மை உண்டு. அது தன் குறையைத் தானே அறிவித்துவிடும். திருகிப் பார்த்தவன் குடத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்வான்.

இரண்டாம் வகையோ அத்தன்மைத்தன்று. பளிங்குபோல் தெளிந்த நீர் வழக்கம்போல் ஓடிவரும். நிறமும் மணமும் ஐயம் விளைக்கமாட்டா. பருகியவன் நோயுற்ற பின்னரே உண்மை வெளிப்படும். இதற்குச் சான்றாக நிற்பது கோரி என்னும் சிற்றூர். டப்ளின் மாநகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 60 மைல் தொலைவில், வெக்ஸ்போர்டு கௌண்டியின் வடபகுதியில் அமைந்தது அந்நகரம். 10,000-க்குச் சற்று மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நகரத்துக்கு நீர் வழங்கும் சுத்திகரிப்பு நிலையத்திலே மின்சாரம் தடைப்பட்டது. குளோரின் செலுத்தும் பம்பும் பழுதுற்றது. அதனால் ஏறத்தாழ 5 நாட்கள், போதிய அளவு கிருமிநீக்கம் செய்யப்படாத நீர் மக்களின் குழாய்களிற் சென்றது. நோயுற்றோராக உறுதிசெய்யப்பட்டவர் 52 பேர்.

பொறி பழுதாதல் எந்நாட்டிலும் நிகழ்வதே. அதன்பொருட்டு ஒருவரைப் பழித்தல் அறமன்று. ஆனால் பொறி பழுதான பின்னர் நிகழ்ந்ததே நம் கருத்தை ஈர்க்கின்றது. அக்காலத்தில் நிலையத்தை இயக்கினோர் கௌண்டி சபையின் ஊழியர். நீர்வழங்கலுக்குச் சட்டப்படி பொறுப்பேற்றிருந்ததோ, 2014-ஆம் ஆண்டு முதல் நாட்டின் நீர்ப்பணியனைத்தையும் மேற்கொண்ட ஐரிஷ் வாட்டர் என்னும் நிறுவனம். கீழுள்ளோர் மேலுள்ளோர்க்கு உரிய காலத்தில் உரைத்திலர். ஆதலின் சுகாதாரத் துறையினரும், நீரின் தரத்தைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழற் பாதுகாப்பு முகமையினரும் காலந்தாழ்த்தே செய்தியறிந்தனர். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்னும் ஓர் எச்சரிக்கை, அஃது எந்நாட்களில் வேண்டப்பட்டதோ அந்நாட்களில் மக்களைச் சென்றடையவில்லை.

இதன் கொடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கிருமி மலிந்த நீருக்கு மருந்து எங்கோ தொலைவில் இருந்ததன்று. தேநீர் விரும்பும் அந்நாட்டில் வெந்நீர்க் கெண்டி இல்லாத வீடு அரிது. ஒருமுறை கொதிக்கவைத்து ஆற்றியிருந்தால் அந்நீரே தீங்கற்றதாயிருக்கும். கருவி கையிலிருந்தது, செய்தி ஒன்றே இல்லாதிருந்தது. எனவே அம்மக்களை நோயுறச் செய்தது பழுதுற்ற பம்பு மட்டுமன்று, வாய்திறவாத காவலுமாம்.

சிற்றூராதலின் கவனிப்பாரற்றுப் போயிற்று என்று கூறுதற்கும் இடமில்லை. அதே ஆகஸ்டுத் திங்களில், டப்ளின் வட்டாரத்துக்கு நீர் வழங்கும் பாலிமோர் யூஸ்டஸ் நிலையத்திலும் முறையாகச் சுத்திகரிக்கப்படாத நீர் ஏறத்தாழ 10 மணிநேரம் வெளிச்சென்றது. அதனைப் பெறும் மக்கள் 877,000 பேர். அங்கும் அறிவிப்பதிற் காலதாமதம் நேர்ந்தது. ஆகவே நோய் ஊரின் சிறுமையில் இல்லை. அறிவித்தலைக் கடமையாகக் கருதாத வழக்கத்திலே உளது.

இதற்கு மாறாகக் கூறுவோர் உளர். மக்களுக்கு உடனுக்குடன் உரைத்தால் வீண் அச்சம் பரவும், பொதுநீரின்மேலுள்ள நம்பிக்கை கெடும் என்பர். கால்வே நகரத்தின் வரலாறு இவர்க்கு விடை தரும். 2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நகரத்து நீரிலே, குளோரினுக்கும் எளிதில் மடியாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் காணப்பட்டது. 200-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நோய் கண்ட பின்னரே எச்சரிக்கை பிறந்தது என்பது உண்மையே. எனினும் பிறந்தபின் ஏறத்தாழ 5 திங்கள் அந்நகரத்தார் நீரைக் காய்ச்சியும், புட்டி நீரை விலைக்கு வாங்கியும் காலங்கழித்தனர். சினந்தனர், முறையிட்டனர், ஆனால் தம் குழந்தைகளைக் காத்துக்கொண்டனர். உண்மையறிந்த மக்கள் தாங்கும் துன்பத்துக்கு எல்லையில்லை. உண்மையை மறைத்து வளர்க்கும் நம்பிக்கையோ, வெளிப்பட்ட அன்றே வேரோடு சாயும்.

இன்னொரு சாரார் கூறுவது வேறு. தண்ணீருக்குத் தனிக்கட்டணம் செலுத்த மறுத்த மக்களுக்கு அதன் குறையைப் பற்றிப் பேச உரிமை யாது என்பர். 2014-ஆம் ஆண்டு இறுதியில் வீடுகளுக்கு நீர்க்கட்டணம் விதிக்கப்பட்டதும், பதினாயிரக்கணக்கானோர் தெருக்களிற் கூடி எதிர்த்ததும், 2016-இல் அது நிறுத்திவைக்கப்பட்டு 2017-இல் செலுத்தினோர்க்குப் பணம் திருப்பித்தரப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அவ்வெதிர்ப்பு முற்றிலும் நன்மையே பயந்தது என்று நான் கூறேன். பழங்குழாயை மாற்றப் பொருள் வேண்டும். அப்பொருளை எவரேனும் தந்தேயாகவேண்டும். ஆனால் அம்மக்கள் பொதுவரியின் வாயிலாகத் தண்ணீருக்கு விலை தந்தே வருகின்றனர். அதுவும் ஒருபுறம் நிற்க. நீரைப் படியளந்து விற்கலாம், உண்மையைப் படியளந்து விற்கலாகாது. ஒரு காசும் செலுத்தாத ஏழைக்கும், தான் பருகும் நீர் நஞ்சா நல்லதா என்று அறியும் உரிமை உண்டு.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்தைப் பயின்றோர், அங்கே கூறப்படும் காவற்காரனை மறந்திரார். பகைவர் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதிருப்பானாயின், மடிந்தோரின் இரத்தப்பழி அவன்மேற் சுமரும் என்பது அப்பகுதியின் கருத்து. பட்டயத்தைத் தடுத்திலன் என்று அவனைக் குற்றஞ்சாட்டவில்லை. ஊதவில்லை என்றே குற்றஞ்சாட்டப்படுகின்றது. நீர்நிலையத்துக் காவலனுக்கும் இதுவே நீதி. பம்பு பழுதாகாமற் காத்தல் ஓரளவே அவன் வசத்தது. உரைத்தல் முழுவதும் அவன் வசத்தது.

இனிச் செய்யவேண்டியது யாது? குளோரின் அளவு குறைந்தவுடன் நீர் வெளிச்செல்லும் வழி தானே அடைபடுமாறு பொறிகள் அமைத்தல் வேண்டும். அபாய மணி ஒருவர் செவியில் மட்டும் ஒலியாது, பலர்க்கும் ஒருங்கே எட்டுதல் வேண்டும். நிலையத்தார் தம் மேலோர்க்கும் சுகாதாரத் துறைக்கும் அதே நாழிகையில் அறிவித்தல் கட்டாயமாதல் வேண்டும். ஐரிஷ் வாட்டர் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு முதல் உய்ஷ்கே எய்ரன் என்னும் ஐரிஷ் மொழிப் பெயர் பூண்டது. கௌண்டி சபைகளின் நீர்ப்பணியாளரை நேரே தன்கீழ்க் கொணரும் ஏற்பாட்டையும் மேற்கொண்டது. செய்தி ஏறவேண்டிய படிகள் குறைதலால் இது நன்றே. ஆயினும் படிகளைக் குறைத்தால் மட்டும் போதாது. தவற்றை உடனே உரைத்த ஊழியனைத் தண்டியாது பாராட்டும் வழக்கமும் வேரூன்றல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சுவோன் மறைப்பான்; மறைப்பு ஓர் ஊரையே நோயில் ஆழ்த்தும்.

இக்கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை பொறிகளையும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் நடத்தும் பொறுப்பேற்பர். அவர்தம் கைப்பட்டவை அனைத்தும் பழுதின்றி இயங்கும் என்று எவரும் உறுதி கூறவியலாது. ஆனால் பழுது நேர்ந்த அந்நாழிகையிலேயே அதனை உரைக்கும் நாவு அவரிடம் இருத்தல் கூடும். கோரி நகரத்தார்க்கு அந்த ஐந்து நாட்களில் கிட்டாமற்போனது அதுவே.