கற்பூர வாசனையும் 180 கிராம் இசைத்தட்டும்

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" உயர்தர ஒலிப் பிரியர்கள், அதாவது ஆடியோஃபைல்கள், சாதாரண இசை ரசிகனைப் பார்த்துக் காலங்காலமாகச் சொல்லி வருவது இதைத்தான். எம்பி3 கேட்பவன் கழுதை. சிடி கேட்பவன் கொஞ்சம் நல்ல கழுதை. அனலாக் நாடாவிலிருந்து நேராக வெட்டப்பட்ட வினைல் தட்டைக் கேட்பவன் மட்டுமே மனிதன்! இந்த வாசனைப் பெருமை எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க, வாரன் ஸீவானை விடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

1978 ஜனவரியில் வெளிவந்தது ஸீவானின் 'எக்ஸைட்டபிள் பாய்' ஆல்பம். ஜாக்சன் பிரவுனும் வாடி வாக்டெலும் தயாரித்தார்கள். ஒன்பதே பாட்டு, மொத்தம் 31 நிமிடம் சொச்சம். தலையில்லாத கூலிப்படை வீரன், கொலை செய்துவிட்டு அசடு வழியும் பையன், லண்டன் தெருவில் சுற்றும் ஓநாய் மனிதன்... இவர்கள்தான் கதாநாயகர்கள். எதையும் மதிக்காத நக்கல், அதற்குள் ஒளிந்திருக்கும் துக்கம். உள் உறையில் சாப்பாட்டுத் தட்டின் மேல் ஒரு துப்பாக்கி படம்! பில்போர்டு பட்டியலில் எட்டாம் இடம் வரை போன ஆல்பம் என்பதால் அபூர்வச் சரக்கும் அல்ல.

இந்த ஆல்பத்தைத்தான் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 180 கிராம் எடையில், 45 சுழற்சி வேகத்தில், இரட்டைத் தட்டாக மறுபதிப்பு செய்திருக்கிறது. 45 வேகத்தில் பலன் இல்லாமல் இல்லை. 33⅓ தட்டை விட முள்ளுக்கடியில் பள்ளம் 1.35 மடங்கு வேகமாக ஓடுகிறது. அதனால் உச்ச ஒலிகள், முக்கியமாகத் தட்டின் உட்பகுதியில், தெளிவாக வரும். இது இயற்பியல், மறுப்பதற்கில்லை. ஆனால் 31 நிமிடப் பாட்டுக்கு நான்கு பக்கம்! இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். ராக் ஆல்பம் கேட்பதா, தேகப்பயிற்சி செய்வதா?

அது போகட்டும். விஷயம் வாசனையைப் பற்றியது.

2022 ஜூலையில் அரிசோனா மாநிலத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் ஒரு வீடியோவில் குண்டு போட்டார். முழுக்க அனலாக் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மொபைல் ஃபிடெலிட்டியின் தட்டுகள் நடுவே ஒரு டிஜிட்டல் படியைத் தாண்டி வருகின்றன என்பதே அது. நிறுவனத்தின் பொறியாளர்களும் பிறகு அதை ஒப்புக்கொண்டார்கள். மூல நாடாவை டிஎஸ்டி என்னும் டிஜிட்டல் வடிவத்தில் நகலெடுத்து, அதிலிருந்து தட்டை வெட்டும் வழக்கம் 2011 முதலே இருந்திருக்கிறது. 125 டாலர் விலை சொன்ன 'ஒன் ஸ்டெப்' வரிசையும் இதற்கு விலக்கல்ல. வழக்குகள் வந்தன. 2023-இல் சுமார் 25 மில்லியன் டாலர் மதிப்பிலான சமரசம் ஏற்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பதினோரு வருடம் மறைத்தார்கள்!

இங்கேதான் கேள்வி. அந்தப் பதினோரு வருடமும் கற்பூர வாசனை அறிந்த மூக்குகள் என்ன செய்துகொண்டிருந்தன? டிஜிட்டல் என்றால் அரை நொடியில் காது கூசும் என்றவர்கள் அதே தட்டுகளைத்தான் 'அனலாக்கின் கதகதப்பு' என்று கொண்டாடினார்கள். கண்டுபிடித்தது காது அல்ல, ஒரு கடைக்காரரின் விசாரணை. இதனால் எம்பி3-யும் வினைலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. அந்த டிஜிட்டல் நகல் மிக உயர்ந்த தரம் கொண்டது. ஆனால் 'டிஜிட்டல் பட்டாலே தீட்டு' என்ற மதம் அன்றோடு பொய்த்துப் போனது. 1980-களில் வெட்டப்பட்ட பல தட்டுகளே டிஜிட்டல் தாமதக் கருவி வழியாக வந்தவைதான் என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"ஒலி நன்றாகத்தானே இருக்கிறது, பிறகென்ன குற்றம்?" என்று நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. குற்றம் ஒலியில் இல்லை. வாங்குபவர்கள் காசு கொடுத்தது ஒலிக்கு மட்டுமா? 'மூல நாடாவிலிருந்து' என்று உறையில் அச்சிட்ட வாக்குக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணெய் என்று சொல்லி வேறு எண்ணெய் விற்றால், பலகாரம் ருசியாக இருந்தது என்பது பதிலாகாது. டிஎஸ்டி சிறந்தது என்று நிறுவனம் நிஜமாகவே நம்பியிருந்தால் 2011-லேயே பெருமையாக அச்சிட்டிருக்கலாமே! சர்ச்சைக்குப் பிறகுதான் எந்த நாடா, எந்த டிஜிட்டல் படி என்று விவரம் போட ஆரம்பித்தார்கள். இதைச் செய்ய வழக்கு வரைக்கும் போகவேண்டுமா?

ஸீவானுக்கு இந்தப் புனிதமெல்லாம் ஒத்துவராது. அவருடைய மிகப் பெரிய ஹிட்டான 'வேர்உல்வ்ஸ் ஆஃப் லண்டன்', எவர்லி சகோதரர்களில் ஒருவரான ஃபில் எவர்லி விளையாட்டாகச் சொன்ன யோசனையில் பிறந்தது. தாளம் சரிவராமல் பலரை முயன்று பார்த்து, கடைசியில் ஃப்ளீட்வுட் மேக்கின் மிக் ஃப்ளீட்வுட்டும் ஜான் மெக்வீயும் வந்து வாசித்தார்கள். வேடிக்கை, விபத்து, பிடிவாதம், எல்லாம் கலந்த சமாசாரம் அது. ஓட்டை ரேடியோவில் கேட்டாலும் அந்த ஊளை ஊளைதான். 2002-இல் சாவை எதிரில் வைத்துக்கொண்டு லெட்டர்மேன் நிகழ்ச்சியில் உட்கார்ந்த ஸீவான், வாழ்க்கையைப் பற்றித் தெரிந்துகொண்டது என்ன என்ற கேள்விக்கு, கையிலிருக்கும் சாண்ட்விச்சை ரசித்துச் சாப்பிடச் சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அந்த சாண்ட்விச் எந்தத் தட்டில் வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மறுபதிப்பே கூடாது என்பதல்ல வாதம். காசு இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும், நான்கு பக்கமும் திருப்பட்டும். ஆனால் விற்பவர்கள் உள்ளதைச் சொல்லி விற்கட்டும். வாங்குபவர்கள் பக்கத்து வீட்டுக்காரனின் காதைக் கழுதைக் காது என்பதை நிறுத்தட்டும். கற்பூரம் என்று நினைத்துப் பதினோரு வருடம் முகர்ந்தது என்னவென்று இப்போது ஊருக்கே தெரியும்.